கணக்கர் பக்கம்: உப்பு எவ்வளவு?

சென்ற இதழில் முன்பதிவு பற்றி எழுதியதற்கு அன்பர்கள் பலர் கடிதம் விடுத்துள்ளனர். தனித்தனியே விடை எழுத நேரம் வாய்க்கவில்லை, பொறுத்தருள வேண்டும். இத்திங்கள் முற்றிலும் வேறான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அஃது உப்பு. மாதர் பகுதிக்குரிய பொருளைக் கணக்கர் ஏன் தொடுகிறார் என்று சகோதரிகள் வினவக்கூடும். சமையல் பற்றி எழுதும் தகுதி எமக்கு இல்லை. ஆனால் எண்ணி, நிறுத்து, பதிவு செய்து, மறு ஆண்டும் அதே முறையில் எண்ணிப் பார்ப்பது குமாஸ்தாவின் தொழில். உப்பு விஷயத்தில் நாம் செய்யத் தவறியிருப்பது அதுதான்.

நாகபுரியின் குளிர் தணிந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆண்டு உடற்சோதனைக்குச் சென்றிருந்தோம். மருத்துவர் இரத்த அழுத்தத்தை இருமுறை அளந்தார். 152க்கு 98 என்று எழுதினார். “உப்பு எவ்வளவு சேர்த்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டார். “அளவாகத்தான், ஐயா” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “இந்த நாற்காலியில் அமர்ந்தவர் அனைவரும் இதையேதான் சொல்கிறார்கள். அளவு என்றால் எத்தனை கிராம்?” என்றார். சரக்கு அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுக்கு மேல் கிலோவும் குவிண்டாலும் எழுதிவரும் எமக்கு, சொந்த வாய்க்குள் போவதன் எடை தெரிந்திருக்கவில்லை.

அப்போது முப்பத்தைந்து வயது. அந்த வயதில் 152க்கு 98 என்பதைக் கேட்டு மற்றவர் அஞ்சுவரோ என்னவோ, யாம் அஞ்சியதற்குத் தனிக் காரணம் உண்டு. எம் தந்தையார் இதே இரயில்வேயில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, 2009ஆம் ஆண்டில், ஐம்பத்துநான்காம் வயதில் பக்கவாதத்தால் காலமானார். மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியிருந்த எமக்குக் கருணை அடிப்படையில் கலாசி வேலை கிடைத்தது. பின்னர் துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். ஆகவே எம் சம்பளத்தை வாங்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய மரணத்தை நினையாமல் இருந்ததில்லை.

மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்றிரவு, பெட்டியிலிருந்த தந்தையாரின் மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பதினோரு ஆண்டுகளில் அவருடைய இரத்த அழுத்தம் மூன்றே முறை குறிக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டும் காய்ச்சலுக்கும் கால் வீக்கத்துக்கும் சென்றபோது தற்செயலாக எடுக்கப்பட்டவை; மூன்றாவது, கடைசி வாரத்தில். நீண்ட தூர வண்டி ஒன்று மூன்று நிலையங்களில் மட்டும் நேரம் குறிக்கப்பட்டு ஓடினால், எங்கே தாமதம் நேர்ந்தது என்று எந்தக் கட்டுப்பாட்டு அறையாலும் கூற முடியாது. யாரையும் குறை கூற இதனை எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி எம் வீட்டுக் கணக்கு. மளிகைக் கணக்கு எழுதும் வழக்கம் தந்தையார் காலத்திலிருந்தே உண்டு. புளி, மிளகாய், உப்பு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். உப்பை மட்டும் தனியே எண்ணினோம். 2022இல் 21 கிலோ, 2023இல் 22, 2024இல் 24. வீட்டில் தாயார், இல்லாள், குழந்தைகள் இருவர், யாம் ஆக ஐவர். 24 கிலோவை 365 நாளால் வகுத்து, ஐந்தால் வகுத்தால், தலைக்கு நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 13 கிராம். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குக் கூறும் உச்சவரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நாங்களோ அதன் இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்தோம். ஏழு வயதுக் குழந்தையையும் முழுத் தலையாக எண்ணியும் இந்தக் கணக்கு.

கணக்கை இல்லாளிடம் காட்டினோம். அவர் சிறிதும் கலங்காமல், “எலுமிச்சங்காய் ஊறுகாய்க்குப் போட்டது எத்தனை? மீன் கழுவியது எத்தனை? கீரை அலசியது, பாத்திரத்தில் கறை போக்கியது, சங்க விழாவுக்கு நான் கொடுத்தனுப்பிய புளியோதரை, இவையெல்லாம் உங்கள் வயிற்றுக்கா போயின?” என்று கேட்டார். விடை கூற இயலவில்லை. மறுபுறம், கடையில் வாங்கிய அப்பளம், சிவ்டா, சேவு, ரொட்டி, பிஸ்கோத்து, அலுவலக வாயிலில் நாள்தோறும் தின்னும் தர்ரி போஹா ஆகியவற்றில் உள்ள உப்பு எம் மளிகை நோட்டில் ஏறவே இல்லை. கூட்ட வேண்டியதும் விட்டுப்போயிற்று. கழிக்க வேண்டியதும் விட்டுப்போயிற்று. வந்த விடை சரியாக இருந்தாலும் அது தற்செயலே.

இந்தத் தொல்லை எம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாட்டு மக்கள் உண்ணும் உப்பை அளக்கப் புகுந்த அறிஞர்களும் இதே இடத்தில்தான் இடறினர். உற்பத்தியான உப்பை மக்கள்தொகையால் வகுத்தால், தொழிற்சாலைக்கும் தோல் பதனிடவும் போனதெல்லாம் வயிற்றுக் கணக்கில் ஏறிவிடும். நேற்று என்ன உண்டீர்கள் என்று கேட்டு எழுதினால், உண்டவர் பண்டத்தைச் சொல்வார், சமைத்தவர் கையால் அள்ளிப் போட்டதன் எடையைச் சொல்ல இயலாது. நம் பெண்டிர் உப்பைக் கண்ணாலும் கையாலும் அளப்பவர்கள். கைக்கணக்கு தவறாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கை எழுதிக்கொள்ள முடியாது.

ஆகவே அவர்கள் உடலின் பேரேட்டையே புரட்டிப் பார்த்தார்கள். உண்ட உப்பிலுள்ள சோடியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. எஞ்சியது வியர்வையிலும் மலத்திலும் போகும். ஒருவர் இருபத்துநான்கு மணி நேரத்தில் கழிக்கும் சிறுநீர் முழுவதையும் ஒரு கலத்தில் சேர்த்து, அதிலுள்ள சோடியத்தை அளந்துவிட்டால், அன்று அவர் உட்கொண்ட உப்பு கணக்கில் வந்துவிடும். சொல்லுக்கு மறதி உண்டு, வெட்கம் உண்டு. சிறுநீரகத்துக்கு இரண்டும் இல்லை. உலகெங்கும் இன்றளவும் இதுவே செவ்விய முறையாகக் கொள்ளப்படுகிறது.

மருத்துவர் எமக்கும் இச்சோதனையை எழுதிக்கொடுத்தார். முறை இதுதான். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் நீரை விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இரவும் பகலும் ஒரு துளியும் விடாமல் கலத்தில் சேர்த்து, மறுநாள் காலை அதே நேரத்தில் கழிப்பதையும் சேர்த்து முடிக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. யாம் பணிநாளில் செய்தோம். கலத்தைத் துணிப்பையில் வைத்து அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றபோது, உடன் பணியாற்றும் மராட்டிய நண்பர் மோர் கொண்டுவந்திருப்பதாக எண்ணி ஆவலுடன் பையை நோக்கினார். அவரைத் தடுத்து நிறுத்துவதே பெரும்பாடாயிற்று. பிற்பகல் சரக்குப் பாதையில் பெட்டிகளைச் சரிபார்க்கச் சென்ற இடத்தில் கலம் கையில் இல்லை. இரண்டு முறை தவறிவிட்டது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

முடிவு வந்தது: சோடியம் 96 மில்லிமோல். ஒரு மில்லிமோல் சோடியத்துக்கு 58.5 மில்லிகிராம் உப்பு என்று பெருக்கினால் 5.6 கிராம். எமக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இல்லாளுக்கும் வெற்றிச் சிரிப்பு. மருத்துவர் தாளைப் பார்த்தார். சோடியத்துக்குக் கீழே மற்றொரு வரியை விரலால் சுட்டினார். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வருவது; ஒருவருடைய உடற்கட்டுக்கு ஏற்ப நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியாவது. எம் உடற்கட்டுள்ள ஆடவருக்கு வர வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல்தான் அதில் இருந்தது. “எத்தனை முறை விட்டுப்போயிற்று?” என்று கேட்டார். ஒப்புக்கொண்டோம். சரக்குப் பட்டியலில் குறைவு வந்தால் முத்திரையைச் சோதிப்பது எங்கள் துறை வழக்கம். சிறுநீருக்கும் அப்படி ஒரு முத்திரை இருப்பது அன்றுதான் தெரிந்தது. பெரிய ஆய்வுகளில் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்னும் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து, அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பதும் உண்டாம்.

வார ஓய்வு நாளில் வீட்டை விட்டு நகராமல் மறுமுறை செய்தோம். 196 மில்லிமோல். அஃதாவது சிறுநீரில் மட்டும் 11.5 கிராம், வெளியே போன பத்தில் ஒரு பங்கையும் கூட்டினால் 12.7 கிராம். மளிகை நோட்டு சொன்ன 13 கிராமுக்கு மிக அருகில் வந்ததைக் கண்டு நோட்டைப் பாராட்ட நினைத்தோம். ஆயினும் அதனை நம்பவில்லை. இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன, அவ்வளவே.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் ஒருநாள் உண்பது மறுநாள் போல இராது. கல்யாண விருந்துக்கு மறுநாள் எடுத்தால் ஒரு கணக்கு. ஏகாதசிக்கு மறுநாள் எடுத்தால் வேறு கணக்கு. ஆகவே ஒரே ஒரு நாளின் கலத்தைக்கொண்டு தனி ஒருவரின் வழக்கத்தைத் தீர்மானிப்பது சரியன்று. பல நாள் வேண்டும். ஆனால் ஓர் ஊரின் வழக்கத்தை அறிய வேண்டுமாயின், ஆயிரம் பேரிடமிருந்து ஒவ்வொரு நாள் போதும். ஒருவருக்கு விருந்து நாள் மற்றொருவருக்கு விரத நாளாக அமைந்து, சராசரி நேராகிவிடும். நாட்டளவில் அளப்பது எளிது, வீட்டளவில் அளப்பதே கடினம் என்பது எமக்கு வியப்பளித்தது.

நாட்டளவில் என்ன நடந்துள்ளது? 1988ஆம் ஆண்டு ‘இண்டர்சால்ட்’ என்னும் பேராய்வின் முடிவு வெளிவந்தது. 32 நாடுகளில் 52 இடங்கள். பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும், இருபது வயதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரை. எல்லோரிடமும் ஒரே முறையில் 24 மணி நேர நீர் பெறப்பட்டது. நம் நாட்டிலிருந்து புதுதில்லியும் லடாக்கும் இடம்பெற்றன. பிரேசில் காட்டில் வாழும் யானோமாமோ மக்கள் உப்பு என்பதையே அறியாதவர்கள். அவர்களுக்கு வயது ஏற ஏற இரத்த அழுத்தம் ஏறவில்லை. நமக்கெல்லாம் வயதானால் ஏறுவது இயற்கைதானே என்று கூறிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பெரிய கேள்வியாயிற்று.

ஒருமுறை அளப்பதோடு நில்லாமல், விடாமல் அளந்த நாடு ஃபின்லாந்து. அங்கே இளம் வயதிலேயே மாரடைப்பால் இறப்போர் மிகுதியாக இருந்த வட கரேலியா மாவட்டத்தில் 1972இல் ஒரு தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. உப்பை 24 மணி நேர நீரால் அளக்கும் பணி 1979இல் தொடங்கியது. அப்போது ஆடவருக்கு 220 மில்லிமோலுக்கு மேல் இருந்தது. 2002இல் 170க்குக் கீழே வந்தது. பெண்டிருக்கு ஏறத்தாழ 180இலிருந்து 130க்குக் கீழ். உப்பாக மாற்றினால் ஆடவர் பதின்மூன்று கிராமிலிருந்து பத்துக்கு இறங்கினர் எனலாம். இருபத்துமூன்று ஆண்டுகளில் மூன்று கிராம்! இது விரைவான வேலையன்று என்பதை இந்த எண்ணே சொல்லும்.

இங்கிலாந்தின் கதை வேறு வகை. அங்கே மக்கள் உண்ணும் உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரொட்டியிலும் பதப்படுத்திய பண்டங்களிலும் முன்பே கலந்து வருவது. ஆகவே அவர்கள் இல்லத்தரசியரிடம் செல்லாமல் ஆலைக்காரரிடம் சென்றனர். கடை ரொட்டியில் உப்பைச் சிறுகச் சிறுகக் குறைக்கச் செய்தார்கள். 2001க்கும் 2011க்கும் இடையே ரொட்டியின் உப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உண்டவர் நாக்கு அதனை அறியவில்லை. மக்கள் உட்கொண்ட உப்பு நாளொன்றுக்கு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு வந்தது. அதன்பின் இறக்கம் தொடரவில்லை. 2018–19இல் அளந்தபோது 8.4 கிராம் என்று கண்டனர். கண்காணிப்பைத் தளர்த்தி ஆலைக்காரரின் விருப்பத்துக்கு விட்டதே காரணம் என்று கூறுவோர் உண்டு. எது எவ்வாறாயினும், அளந்துகொண்டே இருந்ததனால்தான் நின்றுவிட்டது என்பதாவது தெரிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், இந்தியர் சராசரியாக நாளொன்றுக்கு 11 கிராம் அளவில் உண்பதாகக் கணக்கிட்டனர். 2014இல் 24 மணி நேர நீரைச் சேகரித்துத் தில்லி, அரியானா, ஆந்திரம் ஆகிய பகுதிகளில் 1,395 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. வடபுலத்தில் 8.6 கிராம், ஆந்திரத்தில் 9.5 கிராம். பின்னர் 2017–18இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வில், நாடு முழுவதுமிருந்து தெரிந்தெடுத்தவர்களிடம் ஒருவேளை நீர் மட்டும் பெற்று, வாய்பாட்டின் மூலம் கணக்கிட்டனர். சராசரி 8 கிராம், ஆடவர் 8.9, பெண்டிர் 7.1.

இதைக் கண்டு 11இலிருந்து 8க்கு இறங்கிவிட்டோம் என்று எவரேனும் மகிழ்வாராயின், அவரைச் சரக்கு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். ஒரே பெட்டியை இரண்டு எடைமேடைகளில் ஏற்றினால் இரண்டு எடை வருவது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சரக்குக் குறைந்துவிட்டது என்று எழுதிய குமாஸ்தா மறுநாள் விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருவேளை நீரைக்கொண்டு கணக்கிடும் வாய்பாடு, மிகுதியாக உண்பவரைக் குறைத்தும், குறைவாக உண்பவரைக் கூட்டியும் காட்டும் இயல்புடையது. கலத்தைச் சுமந்து திரியும் தொல்லை இல்லை, செலவும் குறைவு என்பதால் பெருந்திரளிடம் அதுவே இயலுகிறது. ஆயினும் ஏற்ற இறக்கத்தை அறிய வேண்டுமாயின், அதே முறையை, அதே வகை மக்களிடம், அதே பருவத்தில் மறுபடியும் செய்தாக வேண்டும். நாகபுரியின் மே மாதத்து வியர்வையில் போகும் சோடியத்தை டிசம்பர் மாதத்துக் கலம் அறியாது.

2013இல் உலக நாடுகள் கூடி, 2025க்குள் மக்கள் உட்கொள்ளும் உப்பை 30 சதவிகிதம் குறைப்பதென்று இலக்கு வகுத்தன. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகம் அந்த வழியில் செல்லவில்லை என்று ஒளிவின்றிக் கூறிற்று. உலகச் சராசரி அப்போது 10.8 கிராம்.

ஃபின்லாந்தையும் இங்கிலாந்தையும் பார்த்து நாம் அப்படியே நடக்க இயலாது. நம்மவர் உண்ணும் உப்பில் பெரும்பங்கு ஆலையிலிருந்து வருவதன்று, அடுப்பங்கரையில் விழுவது. அங்கே ஆலை செய்ததை இங்கே ஒவ்வொரு வீட்டின் அஞ்சறைப்பெட்டிக்கு அருகிலுள்ள உப்புச் சாடி செய்தாக வேண்டும். அதிலும் வெளியூரில் வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரிலிருந்து எவர் வந்தாலும் என்ன கொண்டுவருகிறார்? மாவடு, நார்த்தங்காய், மோர் மிளகாய், வடகம், அப்பளம், கருவாடு. இரண்டு நாள் இரயில் பயணத்திலும் கெடாத பண்டம் எதுவோ அதுவே வரும். கெடாமல் காப்பது உப்பு. ஊர் நினைவு என்று நாம் நாக்கில் வைத்துச் சுவைப்பதில் பாதி உப்புதான். இத்துடன் இந்த ஊர் சேவும் சிவ்டாவும் சேர்ந்துகொள்கின்றன. ஊர்ப் பழக்கத்தையும் விடவில்லை. வந்த இடத்துப் பழக்கத்தையும் விடவில்லை.

எம் பூர்வீகம் ஆறுமுகநேரி. உப்பளத்துப் பாத்திகளின் வெண்மையைக் கண்டு வளர்ந்தவர் எம் தாயார். கல் உப்பைத் தவிர வேறு உப்பு உப்பே அன்று என்பது அவர் கொள்கை. சோறு கொதிக்கையில் ஒரு கை, குழம்பில் ஒரு கை, இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை, மோருக்கு மறுபடியும் ஒரு கல். சோதனை முடிவை அவரிடம் மறைத்துத்தான் வைத்திருந்தோம். குழந்தை சொல்லிவிட்டது. அன்றிரவு உணவுக்குப் பின் எம் அருகில் வந்து அமர்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, உங்க அப்பாவுக்கு நான் போட்ட உப்புதான் அதிகமாப் போச்சா?” என்று கேட்டார்.

இதற்கு என்ன விடை கூறுவது? தந்தையாருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. இரவுப் பணி இருந்தது. அவருடைய தகப்பனாருக்கும் அதே நோய் இருந்தது. எந்த ஒன்றும் தனித்து நின்று கொன்றதாகக் கூற எந்த மருத்துவரும் துணியமாட்டார். அதை எல்லாம் சொன்னோம். “அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அம்மா. அளக்கவில்லை, ஆகையால் தெரியாது” என்றோம். அவர் ஆறுதல் அடைந்தாரா என்று சொல்ல இயலாது. மறுநாள் காலை சோறு உப்பின்றி வடிக்கப்பட்டிருந்தது. வடித்தவர் அவரே.

அதன்பின் வீட்டில் நிகழ்ந்த மாறுதல்கள் பெரியவை அல்ல. சோற்றுக்கு உப்பில்லை. உண்ணும் இடத்தில் உப்புக் கிண்ணம் வைப்பதில்லை. உப்புச் சாடியில் ஒரே அளவுள்ள சிறு கரண்டி ஒன்று கிடக்கிறது. கை உள்ளே போவதில்லை. ஊறுகாய் நாள்தோறும் இல்லை, ஞாயிறும் புதனும் மட்டும். இதில் யாமே முதற் குற்றவாளி என்பதையும் எழுதிவிடுகிறோம். இல்லாள் அளந்து போட்ட குழம்பின்மேல் ஊறுகாயைக் குழைத்துக்கொண்டவர் யாம். அலுவலக வாயிலில் தர்ரி போஹாவின்மேல் மேலும் ஒரு பிடி சேவு தூவச் சொன்னவரும் யாம். உப்பைப் பற்றிய பேச்சில் சமைப்பவரை மட்டும் நிறுத்திவைத்து விசாரிக்கும் ஆடவர் இதைக் கருத வேண்டும்.

முதல் மூன்று வாரம் எல்லாம் மண் போல் இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தாயார் ஒருமுறை முணுமுணுத்தார். ஆறாவது வாரம், வெளியில் உண்ட சாம்பார் கரித்தது. எட்டு மாதம் கழித்து மறுபடியும் ஓய்வு நாளில் கலம் எடுத்தோம். 141 மில்லிமோல், சிறுநீரில் 8.2 கிராம், பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 9 கிராமுக்குச் சற்று மேல். இரத்த அழுத்தம் 136க்கு 88. மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் விடாமல் உண்டுவருவதால், இறங்கியதில் உப்பின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று எம்மால் பிரித்துக் கூற இயலாது. ஒருநாள் கலத்தைப் பற்றி மேலே எழுதியதும் எமக்கே பொருந்தும். ஐந்து கிராமுக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

சில ஐயங்களுக்கு விடை கூறிவிடுகிறோம். உப்பைக் குறைத்தால் அயோடின் குறைந்து குழந்தைகளுக்குக் கழலை வருமே என்று ஒரு சகோதரி சங்கக் கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டில் வாங்கும் நிலையில் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. பத்து கிராம் உண்பவருக்கு அதில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். அதுவே வயதுவந்தோர் தேவை. மக்கள் உண்ணும் உப்பு குறையக் குறைய, கலக்கும் அயோடினைக் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு உண்கிறார்கள் என்று அளந்தால்தான் எவ்வளவு கூட்டுவது என்று தெரியும். அளவை வேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை, உண்ணும் கொஞ்ச உப்பாவது அயோடின் கலந்ததாக இருக்கட்டும். ஊரிலிருந்து மூட்டையில் வரும் கல் உப்பிலும், விலை கொடுத்து வாங்கும் இந்துப்பிலும் சோடியம் ஏறத்தாழ அதேதான். அயோடின் மட்டும் பெரும்பாலும் இராது. தாயாரிடம் இதைச் சொல்லும் துணிவு எமக்கு நான்கு மாதம் கழித்தே வந்தது.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பற்றியும் ஓர் அன்பர் கேட்டார். சீனாவில் 600 கிராமங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில் பக்கவாதம் குறைந்ததாக 2021இல் வெளியிட்டனர். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், சில வகை அழுத்த மாத்திரை உண்பவரும் அதனை உட்கொண்டால் தீங்கு நேரலாம். மருத்துவரைக் கேளாமல் எவரும் கடையில் வாங்கவேண்டாம்.

இனி ஒரு வேண்டுகோள். வருகிற முதல் தேதியிலிருந்து நம் சங்கக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் உப்புப் பொட்டலம் பிரிக்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். உண்பவர் எத்தனை பேர், ஊறுகாய் போட்டது எவ்வளவு, விருந்தினர் தங்கிய நாள் எத்தனை என்பதையும் அருகில் எழுதினால் நலம். இது செவ்விய அளவையன்று என்பதை மேலே விரிவாக ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆனால் அதே வீடு, அதே சாடி, அதே கரண்டி என்று இருந்தால், இந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் ஒப்பிடவாவது உதவும். நாற்பது வயது கடந்தவர்களும், எம்மைப்போல் தந்தை வழியில் நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்தை அளந்து அதே நாட்காட்டியில் குறிக்கலாம். சங்க நூலகத்தில் ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை அளக்கும் கருவியுடன் அமர்ந்திருப்போம், கட்டணம் இல்லை. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நம் உறுப்பினர்களுக்கு இது சற்றுக் கடினம் என்று அறிவோம்.

பெயர் எழுதாமல், குடும்ப எண்ணிக்கையும் பொட்டலக் கணக்கும் மட்டும் எழுதிய தாளை நூலகத்திலுள்ள கடிதப் பெட்டியில் மாதந்தோறும் பத்தாம் தேதிக்குள் போடலாம். முதல் தாள் எம் இல்லத்தினுடையது, எழுதியவர் தாயார். அடுத்த இதழில் கோடைக்கால ஊர்ப்பயணத்துக்கான பொருள் கட்டும் முறையைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம்.